பாதி மேட்டில் நின்றவள்

எங்கள் ஊரில் ஓடுகிறவர்களுக்கு மலை என்றால் அது ரயில்வே மேம்பாலம்தான். சிரிக்காதீர்கள். புதுக்கோட்டைப் பக்கம் குன்றுகளுக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். ஏறிச் சாமி கும்பிடலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். தினமும் விடிகாலையில் அங்கே போய் ஓடிவிட்டு எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போக முடியுமா? அதனால் கல்லூரி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்தவர்கள், "இன்னிக்கு மலை" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போவோம்.

மைதானத்தில் பழக்கமான ஒருத்தியோடு முதன்முதலில் மேடு ஏறி ஓடியதும் அங்கேதான். பாதி ஏறியிருப்போம். எதிரே ஒரு டவுன் பஸ், ஜன்னல் நிறைய முகங்களோடு வந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அவள் நின்றுவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி நடக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஒரு பெண் பக்கத்துச் சீட்டுக்காரியைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையசைத்தாள்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவரைக்கும் ஓடினேன். அங்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்தேன், காலையில் குடித்த காபி தொண்டைவரை வந்து வந்து போனது. அவள் பின்னாலேயே தொங்கோட்டமாக வந்தாள். என்னைத் தாண்டினாள்.

"வாங்க டீச்சர், இங்கிட்டு எறக்கம் ஜோரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கோபக்காரி என்று பெயர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரும் தெரியும், அதை இங்கே எழுதப் போவதில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் மைதானத்துக்குப் போனேன். அங்கே அறிமுகமானவள் அவள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். சொந்த ஊர் கட்டுமாவடி. கால்நடை ஆய்வாளராக வேலை, ஸ்கூட்டரில் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய் மாடு கன்றுகளுக்கு ஊசி போடுவாள். போகிற ஊரிலெல்லாம் "டாக்டரம்மா"தான். இப்போது மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். பெயரை எழுதினால் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள். எனக்குத்தான் மனசு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு மேட்டைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். சமதரையில் அவளை நான் சுலபமாகப் பின்னால் விட்டுவிடுவேன். மேம்பாலம் வந்தால் கதை மாறிவிடும். நான் ஒரே மூச்சாக ஏறி மேலே போய்ச் செத்துக் கிடப்பேன். நின்று நடந்து, மறுபடி ஓடி, மறுபடி நடந்து வருகிறவள் என்னைத் தாண்டிப் போவாள். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் சரி, தினமும் இதே கூத்து. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது.

"நீ ஓடுறியா, நடக்குறியா? ஏதாவது ஒண்ணு உருப்படியா செய்யேன்" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ரெண்டுந்தான் டீச்சர். நீங்க மூச்சு முட்டுன பெறகு நிக்கிறீங்க. அதுக்குப் பேரு நிக்கிறது இல்ல, விழுகுறது. நான் முட்டுறதுக்கு முந்தியே நின்னுருவேன். அதனால மறுபடி ஓடுன்னு சொன்னா காலு பேச்சக் கேக்கும்."

"அதுக்காகப் பாதி மேட்டுலயா? அத்தனை பேரு பாக்குறாங்க, அசிங்கமா இல்ல?"

"யாருக்கு?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அசிங்கமாக இருந்தது எனக்குத்தான்.

அவள் எதையும் பாதியில் நிறுத்துவாள். அதைக்கூட மன்னித்துவிடலாம். நிறுத்தியதைக் கொஞ்ச நேரம் கழித்து எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மறுபடி ஆரம்பிப்பாள் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியாது. எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் யாரோ அவளைப் பாடச் சொன்னார்கள். நல்ல குரல். முருகன் பாட்டு ஒன்றை எடுத்தாள், சரணத்தில் நுழைந்ததும் மறந்துவிட்டது. "மறந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சரி, முடிந்தது என்று எல்லோரும் பந்திக்குப் போனோம். ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது இலையிலிருந்து எழுந்தாள். "வந்துருச்சு!" என்று கத்தினாள். சோறு ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட சரணத்திலிருந்து பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். என் நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொரு சனிக்கிழமை, சும்மாதானே இருக்கீங்க என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அன்னவாசல் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப் போனாள். கோமாரித் தடுப்பூசி போடுகிற வேலை. பசுக்களெல்லாம் சமர்த்தாகப் போட்டுக்கொண்டன. கடைசி வீட்டில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. ஊர் இளவட்டங்கள் குட்டிச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இவள் பேசிக்கொண்டே கிட்டப் போனாள், கழுத்தைத் தடவினாள். ஊசியை எடுத்ததும் அது ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அவ்வளவுதான், இவள் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள்.

"மாடு ஜெயிச்சுருச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது.

"ஜெயிச்சுருச்சுப்பா. இன்னிக்குக் காலையில அவருக்கு மனசு சரியில்ல. சாயங்காலம் வாரேன்" என்று பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினாள். நான் ஸ்கூட்டருக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடாத குறையாக உட்கார்ந்திருந்தேன். நானாக இருந்தால் அந்த ஊர் எல்லையை ஜென்மத்துக்கும் மிதித்திருக்கமாட்டேன். வேறு ஆளை அனுப்பியிருப்பேன். அவள் சாயங்காலம் மறுபடியும் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டுதான். அதே குட்டிச்சுவர், அதே பயல்கள். "திரும்பவும் வந்துட்டாங்கடா!" என்று ஒரே ஆரவாரம், காலையில் சிரித்ததைவிட அதிகம். அவள் காதில் வாங்கவே இல்லை. காளை தொட்டியில் தண்ணீர் குடிக்கிறவரை பொறுமையாக நின்றாள். அது குடித்துக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

மேம்பாலத்துக்கு வருகிறேன். ஒரு நாள் அவள் பாதி மேட்டில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தாள். லாரி ஒன்றிலிருந்து கிளீனர் தலையை நீட்டி, "என்னக்கா, பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரிக்காரன் மேல் காட்ட முடியாத கோபத்தை அவள் மேல் காட்டினேன்.

"ஏண்டி, ஒனக்கு வெக்கமே கெடையாதா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

"இருந்துச்சு டீச்சர், நெறையவே இருந்துச்சு. அறந்தாங்கிப் பக்கந்தான் என்னையக் கட்டிக் குடுத்தாங்க. வருசங்கூட முடியல, பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல நின்னேன். தெரிஞ்ச மொகம் அம்புட்டும் அன்னிக்குன்னு பாத்து அங்கதான் நின்னுச்சு. இருந்த வெக்கமெல்லாம் அங்கேயே செலவாயிருச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு டீச்சர். அன்னிக்கு யாரும் சிரிக்கல. பாவம் புள்ளன்னுதான் சொன்னாங்க. ஆத்தா வீட்டுல ரெண்டு வருசம் சும்மா கெடந்தேன், அப்பவும் பாவந்தான். மறுபடியும் படிக்கப் போறேன்னு பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனேன் பாருங்க, அன்னிக்குத்தான் கரையில வலை காயப்போட்ட ஆளுகள்லேர்ந்து எல்லாரும் சிரிச்சாங்க. நின்னவளப் பாத்தாப் பாவம்பாங்க. நின்னவ திரும்ப ஓடுனாத்தான் சிரிப்பு வரும் அவுகளுக்கு."

சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாள் இவளை மைதானத்துச் சிநேகிதி என்றுதான் வைத்திருந்தேன். அன்றைக்கு அவள் மேல் வந்த பாசம், கூடப் பிறந்தவள் மேல்கூட எனக்கு வந்ததில்லை. ஆனாலும் பின்னாலேயே போய் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வரவில்லை. "நாளைக்கு நேரத்தோட வா" என்று அதட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த வருஷம்தான் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் மலைப்பாதை ஓட்டம் ஒன்று நடந்தது. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறிப் போய் மேலே முடிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்தால் பதக்கம், இல்லாவிட்டால் பின்னால் வருகிற வேன் அள்ளிப்போட்டுக்கொண்டு வரும். இரண்டு பேர் பெயரையும் அவளே கொடுத்துவிட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். அது தலைமையாசிரியர் காதுக்குப் போனது. அவர் நல்ல மனுஷர், எதையும் பெரிதாகச் செய்து பழகியவர். காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்து, "நம்ம கணக்கு டீச்சர் மலையில ஓடப் போறாங்க, எல்லாரும் கை தட்டுங்க" என்று சொல்லிவிட்டார். மைதானம் முழுக்கக் கைதட்டல்.

இனிமேல் பின்வாங்க முடியுமா? பரீட்சை ஹாலில் பாதியில் பேனாவைக் கீழே வைக்கிற பிள்ளைகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். வேனில் ஏறி வந்தேன் என்று போய் நின்றால் எந்தப் பிள்ளை என்னை மதிக்கும்? வேன் என்ன வேன், நடந்து வந்தேன் என்றாலே போச்சு. ஓடியே முடிக்க வேண்டும், ஒரு இடத்திலும் நிற்கக் கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அவளிடம் இதைச் சொன்னபோது, "அது மலை டீச்சர், பாலம் இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னது முதல் வளைவிலேயே புரிந்திருக்க வேண்டும். என் காலுக்குத் தெரிந்த ஒரே மலை மேம்பாலம். அதில் கண்ணுக்குத் தெரிகிற உச்சிதான் உச்சி, அங்கே போய்விட்டால் அப்புறம் இறக்கம். அதனால் வளைவு கண்ணில் பட்டதும், இதோ வந்துவிட்டது என்று கையிருப்பு மூச்சையெல்லாம் போட்டு ஏறிவிடுவேன். வளைவில் திரும்பினால் அந்தப் பக்கமும் மேடு. சரி, அடுத்தது என்று மறுபடியும் அதே பாய்ச்சல். அங்கேயும் மேடு. அவள் பின்னால் எங்கேயோ நடப்பதும் ஓடுவதுமாக வந்துகொண்டிருந்தாள். பாதித் தூரம் தாண்டுவதற்குள் சாவகாசமாக என்னைக் கடந்து போனாள். போகிறபோது என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் பின்னால் ஹாரன் சத்தம். தலைமையாசிரியர்! குடும்பத்தோடு காரில் வந்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, செல்போனை என் பக்கம் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கமான்! கமான்! வீடியோ எடுக்குறேன், நம்ம பள்ளிக்கூடம் மொத்தமும் பாக்கப் போகுது!" என்றார். கார் என் வேகத்துக்கு ஊர்ந்து வந்தது. அந்த வேகத்துக்கு ஒரு கார் ஊர முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான் ஓடினேன். கண்ணை இருட்டியது. காதுக்குள் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். ரோடு எது, ஓரம் எது என்று புரியவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் விழுந்துவிடுவேன், அதையும் சார் வீடியோ எடுப்பார் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நல்ல கோபம். விழுவதற்குத் தயாராக இருக்கிறாயே, நடப்பதற்கு என்னடி கேடு உனக்கு?

நின்றேன். இடுப்பில் கை வைத்தேன். நடந்தேன்.

சாரின் முகம் விழுந்துவிட்டது. செல்போனைத் தாழ்த்திக்கொண்டார். "முடியலையா டீச்சர்? வேணும்னா வண்டியில ஏறிக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். காருக்குள்ளிருந்து அவர் மனைவி, "அய்யோ பாவம்" என்றது கேட்டது.

"முடியும் சார். நடக்குறதையும் எடுங்க, புள்ளைங்க பாக்கட்டும்" என்றேன். மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது, ஆனால் சொல்லிவிட்டேன்.

நடந்தபோது ஒன்றும் ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த வளைவில் ஒரு டீக்கடை. டூர் வந்த பையன்கள் பைக்குகளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். நான் நடந்து வருவதைப் பார்த்து, ஒருவன் மரியாதையாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். குடித்தேன். உடம்பு கொஞ்சம் என் வசத்துக்கு வந்திருந்தது. அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கேயிருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மலை முழுவதும் ஏறியது பெரிதில்லை. அந்த முதல் நாலு எட்டு வைப்பதற்குத்தான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வைத்தேன்.

"அக்கா மறுபடியும் கெளம்பிருச்சுடா!" என்று பின்னால் ஒரே சிரிப்பு. அவள் சொன்ன சிரிப்பு. கேட்டுக்கொண்டே ஓடினேன். அப்புறம் வளைவைப் பார்த்துப் பாயவில்லை. சின்ன எட்டாக வைத்தேன், மூச்சு முட்டுவதற்கு முன்னாலேயே நடந்தேன், பிறகு ஓடினேன். மலை ஏறிக்கொண்டே இருந்தது, நானும் ஏறிக்கொண்டே இருந்தேன்.

முடிவுக்குச் சில வளைவுகள் இருக்கும்போது, ரோட்டோரக் கட்டைச் சுவரில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கெண்டக்கால் புடிச்சுக்கிருச்சு டீச்சர். நரம்பு சுருட்டி இழுக்குது. நீங்க போங்க."

"உன்னை விட்டுட்டு எப்படிப் போறது?"

"நீங்க பக்கத்துல நின்னா என் காலு சரியாயிருமா? நேரம் போகுது, போங்கன்னா!" என்று என்னையே அதட்டினாள். வகுப்பில் நான் அதட்டுகிற மாதிரியே இருந்தது. போனேன்.

நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிவுக்கோட்டைத் தாண்டினேன். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். சார் காரிலிருந்து குதித்து வந்து கை கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண் கீழ் வளைவிலேயே இருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கில் சொன்னார்கள். வேன் வந்து சேர்ந்தது. எட்டிப் பார்த்தேன், அவள் இல்லை.

"ஒரு அம்மா ஏறவே மாட்டேன்னுட்டாங்க. கால் வேற சரியில்ல, சொன்னாக் கேக்கல" என்றான் டிரைவர், சலித்துக்கொண்டு.

ஆட்கள் முடிவுக்கோட்டில் காற்றடித்து நிறுத்தியிருந்த பலூன் தோரணவாயிலை அவிழ்த்தார்கள். அது சரிந்து தரையில் படுத்துவிட்டது. பேனரைச் சுருட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பதக்கம் வாங்கியவர்கள் பொங்கல் தட்டோடு வெயிலுக்கு ஒதுங்கி நின்றார்கள். அப்போது கீழ் வளைவில் அவள் வந்தாள், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தபடி.

இத்தனை பேர் நிற்பதைப் பார்த்தாள். ஓட ஆரம்பித்தாள்.

அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு கால் குதித்தது, மறு கால் இழுபட்டது. பொங்கல் தட்டுக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "யம்மா, எல்லாம் முடிஞ்சிருச்சும்மா! இனிமே எதுக்கு ஓடுறீங்க?" என்று கத்தினார்.

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சுண்ணே. எனக்கு இன்னும் இம்புட்டுத் தூரம் இருக்கு!" என்று அவளும் அங்கிருந்தே கத்தினாள்.

நான் என் பொங்கல் தட்டைச் சார் கையில் திணித்தேன். பதக்கம் நெஞ்சில் இடிக்க இடிக்கச் சரிவில் இறங்கி ஓடினேன். அவள் பக்கத்தில் போய்த் திரும்பி, அவளோடு சேர்ந்து மறுபடியும் மேலே ஓட ஆரம்பித்தேன். இப்போது எல்லோருமே சிரித்தார்கள்.

சிரிக்கட்டும்.